மேஜர் நைன்த் கோர்ட்: எந்தப் பிடி எங்கே பொருந்தும்?

கோர்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி; பிடி என்பது அதைக் கிட்டாரில் வாசிக்க விரல்களை வைக்கும் முறை. சி மேஜர் நைன்த் என்பது சி, ஈ, ஜி, பி, டி ஆகிய ஐந்து சுரங்களின் சேர்க்கை. இவற்றில் ஈ, பி ஆகிய இரண்டுமே கோர்டின் குணத்தைத் தீர்மானிக்கின்றன; பி அரைச்சுரம் இறங்கினால் அது சாதாரண நைன்த் ஆகிவிடும், பி அறவே இல்லாவிட்டால் வெறும் ஆட் நைன்த். ஜி சுரத்தை விட்டுவிட்டாலும் காது அதைத் தேடுவதில்லை.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஓர் ஆலயப் பாடகர் குழுவுக்குத் தனியாக வாசிப்பவரை முதலில் கவர்வது திறந்த பிடிதான். மிகத் தடித்த 6ஆம் தந்தியைத் தவிர்த்து, 5ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டை (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) மட்டும் அழுத்தி, மற்ற நான்கையும் திறந்தபடியே மீட்டினால் ஐந்து சுரங்களும் கிடைத்துவிடும். விரல் விறைக்கும் மார்கழிக் காலையில் இது பெரிய சலுகை. ஆனால் சி, டி இரண்டும் கீழ் ஸ்தாயியில் ஒட்டி நிற்பதால், தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டும்போது இனிக்கும் இந்தப் பிடி, வேகமாக அடித்து வாசிக்கும்போது கலங்கிவிடுகிறது. கேப்போ (தந்திகளை ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இல்லாமல் இதை வேறு சுருதிக்கு நகர்த்தவும் முடியாது.

என் தேர்வு இரண்டாவது பிடி: 5ஆம் தந்தியில் 3, 4ஆம் தந்தியில் 2, 3ஆம் தந்தியில் 4, 2ஆம் தந்தியில் 3, ஓரத் தந்திகள் இரண்டும் ஒலிக்கக் கூடாது. நடுவிரல், ஆட்காட்டி விரல், சுண்டுவிரல், மோதிர விரல் என்ற வரிசையில் கை தானாகவே அமையும். ஜி இல்லை; ஆனால் டி சுரம் மேலே தெளிவாகக் கேட்கும், அப்படியே இரண்டு ஃபிரெட் ஏற்றினால் டி மேஜர் நைன்த்.

6ஆம் தந்தியிலிருந்து 3, 2, 4, 2, 3 எனப் பிடிக்கும் ஜி மேஜர் நைன்த் முழுமையானதுதான். எனினும் அடியில் ஜியும் பியும் நெருங்கி ஒலிப்பதால், பேஸ் கிட்டார் உள்ள தீபாவளி மேடைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே பேஸ் கலைஞர் சி வாசிக்க, கிட்டாரில் ஈ மைனர் செவன்த் (ஈ, ஜி, பி, டி) வாசித்தாலே சி மேஜர் நைன்த் முழுதாகிவிடும். பலர் இந்த எளிய வழியைக் கவனிப்பதில்லை.

பாடகரின் மெட்டு சி சுரத்தில் நீண்டு நிற்கும் இடத்தில் மட்டும் இவற்றில் எதுவும் வேண்டாம். பி அதனோடு உரசும். 5ஆம் தந்தியிலிருந்து 3, 2, 2, 3, 3 எனச் சிக்ஸ் நைன்த் (பிக்குப் பதிலாக ஏ வரும் கோர்ட்) பிடிப்பது நல்லது.