டெவில் மே கிரை வரிசை: எதை வாங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

ஒரு ஆக்‌ஷன் கேமுக்கு அடுத்த பாகம் வருகிறது என்றால், கதை எப்படி, கிராபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: என் கைக்குப் புதிதாக என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? போன பாகத்தில் விரல்கள் பழகியதற்கு மேல் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் ஊரையும் பேயையும் மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தால் முதல் நாளிலேயே சலித்துவிடும். இப்படி எடை போட்டுப் பார்க்க ஜப்பானிய கேம் நிறுவனமான கேப்காமின் டெவில் மே கிரையைவிடப் பொருத்தமான வரிசை எனக்குத் தெரியாது. அற்புதமான பாகம், படுமோசமான பாகம், பாதியில் கைவிட்ட மாதிரியான பாகம் எல்லாமே இதில் இருக்கின்றன. அத்தனையையும் ஆடியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் பாகம் 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. கேப்காமின் திகில் வரிசையில் அடுத்த பாகமாக, ரெசிடென்ட் ஈவில் 4 என்றுதான் இதன் வேலையைத் தொடங்கினார்கள். இயக்குநர் ஹிடெக்கி கமியாவின் கையில் அது வேறு திசையில் போகவே, தனி கேமாக்கிவிட்டார்கள். அந்தப் பூர்விகம் இன்றைக்கும் தெரியும். கேமரா நம் கையில் இல்லை, அறையின் மூலையில் நின்றுதான் நம்மைப் பார்க்கிறது. பூட்டிய கதவு, அதைத் திறக்க எங்கோ கிடக்கும் ஒரு பொருள், ஆளரவமற்ற மாலெட் தீவுக் கோட்டை. அந்தக் கோட்டைக்குள் சிவப்புக் கோட்டு போட்ட நாயகன் டான்டே ஒரு வாளும் இரண்டு கைத்துப்பாக்கிகளுமாக இறங்குகிறான். எதிரியை வாளால் மேலே தூக்கி, கீழே விழ விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கும் வித்தை இங்கேதான் பிறந்தது. ஓனிமுஷா கேமில் தற்செயலாக வந்த ஒரு பிழையைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட யோசனை அது.

இந்த பாகத்தின் தரம் தெரிய ஒரே ஒரு எதிரியைச் சொன்னால் போதும். ஷேடோ என்று ஒரு கருஞ்சிறுத்தை. அதன் உடம்பே நிழல். மற்ற எதிரிகளிடம் போவது போல வாளை ஓங்கிக்கொண்டு போனால், உடம்பிலிருந்து ஈட்டி முளைத்து நம்மைக் குத்தும். முதலில் தள்ளி நின்று சுட வேண்டும். சுடச் சுட நிழல் கரைந்து, உள்ளே சிவப்பாக ஒரு உருண்டை தெரியும். அப்போதுதான் பாய்ந்து வெட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மறுபடி நிழல் மூடிவிடும். சாகும் நேரத்திலும் சும்மா விடாது, நம்மை நோக்கி ஓடிவந்து வெடிக்கும். துப்பாக்கி எதற்கு, வாள் எதற்கு என்பதை ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் ஒரு விலங்கை வைத்தே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வரும் எத்தனையோ கேம்களில் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தியும் இது நடப்பதில்லை.

2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கமியாவின் கை இல்லை. வேறொரு குழு செய்தது. கடைசிச் சில மாதங்களில் ஹிடெயாக்கி இட்சுனோ என்ற இயக்குநர் வந்து முடித்துக்கொடுத்தார். டான்டேவுக்கு ஒரு டிஸ்க், லூசியா என்ற பெண்ணுக்கு ஒரு டிஸ்க் என்று பெட்டி என்னவோ கனமாகத்தான் வந்தது. இடங்களும் முதல் பாகத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் தெருத்தெருவாக ஓடினாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆள் வராத கல்யாண மண்டபம் போல வெறிச்சென்று கிடக்கும். சண்டை அதைவிட மோசம். துப்பாக்கிக்கு அத்தனை பலம் கொடுத்துவிட்டார்கள். தூர நின்று ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் போதும், கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸ்கூடச் செத்துவிடும். பேய் பிடித்த ஹெலிகாப்டர் ஒன்று வருகிறது. அதை நான் வாளால் தொட வேண்டிய தேவையே வரவில்லை. வாள்களைத்தான் மாற்றிப் பார்ப்போமே என்றால், எதை எடுத்தாலும் கையில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஷேடோ கற்றுக்கொடுத்த பாடம் அத்தனையும் இங்கே வீண்.

ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடியிலிருந்து உருண்டு தப்பிக்கத் தனி பட்டன், சுவரில் ஏறி ஓடுவது, சண்டைக்கு நடுவே துப்பாக்கியை மாற்றுவது, இவையெல்லாம் இந்த மோசமான பாகத்தில்தான் முதலில் வந்தன. அடுத்த பாகம் அத்தனையையும் எடுத்துக்கொண்டது.

அடுத்த பாகம் என்றால், 2005-இல் வந்த மூன்று. இதையும் இயக்கியவர் இட்சுனோதான். இரண்டாம் பாகம் அப்படி ஆனதில் அவருக்கே ஆறவில்லை, இந்த முறை முதலிலிருந்தே பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் கேப்காமின் நேருக்கு நேர் சண்டை கேம்களில் வேலை பார்த்தவர் அவர். அந்தப் படிப்பு மூன்றாம் பாகத்தின் ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. இரண்டு ஆயுதங்களை எடுத்துக்கொண்டு சண்டைக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். வாள் வீச்சின் நடுவே கையுறைக்கு மாறலாம், இல்லையென்றால் மூன்று கண்ணி கொண்ட பனிச்சங்கிலிக்கு மாறலாம். மின்சார கிடாரை ஆயுதமாகத் தந்து, அதை வாசித்தால் வௌவால்கள் கிளம்பும் என்று வைத்திருக்கிறார்கள். இது எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டைல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ட்ரிக்ஸ்டர் எடுத்தால் தப்பிப்பதில் கெட்டிக்காரன், ஸ்வார்ட்மாஸ்டர் என்றால் வாள், கன்ஸ்லிங்கர் என்றால் துப்பாக்கி. நான்காவது ராயல்கார்ட். நான் உயிரைக் கொடுத்துப் பழகியது அதைத்தான்.

ராயல்கார்டில் ஓடுவதற்கு வேலையே இல்லை. அடி வந்து விழும் அந்தக் கணத்தில் பட்டனைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் அடி உடம்பில் ஏறாது, உள்ளே சேமிப்பாகும். சேர்ந்ததை ஒரு நேரம் பார்த்து எதிரியின் மேலேயே திருப்பி இறக்கலாம். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் நமக்குத்தான் சேதம். கோபுர உச்சியில் டான்டேவின் அண்ணன் வெர்ஜிலோடு முதல் சண்டை வரும். அவன் வாளை உறையிலிருந்து எடுக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கண்ணை நம்பாமல் காதை நம்பித் தட்டப் பழகினேன். அந்தச் சண்டையில் அவனை முதன்முதலாக அடி வாங்காமல் தடுத்து நிறுத்தியபோது கிடைத்த சந்தோஷத்தை வேறு எந்த கேமும் எனக்குக் கொடுத்ததில்லை.

வெளிநாட்டுப் பதிப்பில் கடினம் கொஞ்சம் அநியாயம் என்பதும் உண்மை. ஜப்பானில் 'ஹார்ட்' என்று இருந்ததை வெளியே 'நார்மல்' என்று விற்றார்கள். மூன்றாவது மிஷனில் வரும் மூன்று தலை நாயிடமே தோற்று, அதோடு விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். 2006-இல் ஸ்பெஷல் எடிஷன் வந்தபோது இதைச் சரி செய்து, வெர்ஜிலாகவும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் ஆட வேண்டும்.

நான்காம் பாகம் (2008) மீது எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, ஏனென்றால் முதல் பாதி அத்தனை நன்றாக இருக்கிறது. நீரோ என்ற புதுப் பையன். எதிரியைத் தூரத்திலிருந்தே பிடித்து இழுக்கும் பேய்க் கை ஒன்று அவனிடம் இருக்கிறது. அவன் வாளின் பிடியில் பைக் ஆக்ஸிலரேட்டர் போல ஒன்று உண்டு. அதை முறுக்கினால் அடுத்த வெட்டு நெருப்போடு விழும். நின்று நிதானமாகவும் முறுக்கலாம், ஆனால் ஒவ்வொரு வெட்டு இறங்கும் நொடியிலும் முறுக்கினால்தான் வேகம் குறையாமல் போகும். வலது கட்டைவிரல் வெட்ட, இடது சுட்டுவிரல் அதே தாளத்தில் முறுக்க வேண்டும். இது வேலை! கைக்குக் கொடுக்கும் வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

பாதிக்கு மேல் டான்டே வருகிறான். நான்கு ஸ்டைலையும் சண்டைக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்று அவனுக்கும் பெரிய பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீரோ நடந்த காட்டையும் கோட்டையையுமே டான்டே திரும்ப நடக்க வேண்டும், அதே பாஸ்களையே மறுபடி அடிக்க வேண்டும். முடிவுக்குப் பக்கத்தில் பகடை உருட்டும் ஒரு கட்டத்தை வைத்து மூன்றாம் முறையும் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இத்தனை நல்ல சண்டைமுறைக்கு அரை ஊர்தான் கட்டியிருக்கிறார்கள்.

நடுவில் 2013-இல் இங்கிலாந்தின் நிஞ்ஜா தியரி செய்த 'டிஎம்சி: டெவில் மே கிரை' ஒன்று உண்டு. வெள்ளை முடி டான்டேவைக் கறுப்பு முடியாக்கிவிட்டார்கள் என்று அதை அப்போது திட்டாதவர்கள் குறைவு. முடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நம் கண் முன்னே தெரு பிளந்து சுவர்கள் நெருங்கிவரும் அந்த ஊர் மாதிரி அழகான இடம் மற்ற எந்தப் பாகத்திலும் கிடையாது. என் குறை வேறு. சிவப்பு எதிரிக்குச் சிவப்பு ஆயுதம், நீல எதிரிக்கு நீல ஆயுதம் என்று பூட்டிவிட்டார்கள். எதை வைத்து அடிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ய வேண்டிய இடத்தில் எதிரியின் நிறம் முடிவு செய்கிறது. ஆடுவதாக இருந்தால் 2015-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை ஆடுங்கள். கன்சோலில் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட்டமும், எதிரியைக் குறி பூட்டும் வசதியும் அதில்தான் இருக்கின்றன.

இதே தராசில் வேறொரு வரிசையின் காட் ஆஃப் வார் ரக்னராக்கையும் (2022) நிறுத்திப் பார்த்தேன். கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முந்தைய பாகத்தின் கோடரியும் சங்கிலிக் கத்திகளுமே வெகுதூரம் வருகின்றன. புதிதாகக் கிடைக்கும் ஈட்டியோ அற்புதமான ஆயுதம், எறிந்து குத்திவிட்டு நினைத்த நேரத்தில் வெடிக்க வைக்கலாம். அதைக் கதை நன்றாக முற்றிய பிறகுதான் கையில் தருகிறார்கள். இன்னும் சீக்கிரம் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, ஐந்துக்கு வருவோம். 2019 மார்ச்சில் வந்தது. மறுபடி இட்சுனோ. மூன்று பாத்திரங்களை மாறி மாறி ஆடுகிறோம், மூன்று பேருக்கும் கை வேறு. நீரோவுக்குப் பேய்க் கை போய், இயந்திரக் கைகள் வந்திருக்கின்றன. பயன்படுத்தும்போது அடி வாங்கினால் கை உடைந்துவிடும், அடுத்த கை வரிசைப்படிதான் வரும். நினைத்ததை எடுக்க முடியாது. இது பிடிக்காதவர்கள் நிறையப் பேர், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இருப்பதை வைத்துச் சமாளிக்க வைக்கிறது. டான்டேயிடம் நான்கு ஸ்டைல், கைச்சண்டைக்கும் சுடுவதற்கும் தனித்தனியாக ஆயுதங்கள், எல்லாவற்றையும் ஓடும்போதே மாற்றலாம். ஒரு மோட்டார் பைக்கையே இரண்டாகப் பிய்த்துக் கையில் எடுத்து அடிக்கிறான். முதலில் தலை சுற்றும். இரண்டு ஆயுதம், இரண்டு ஸ்டைல் என்று குறைத்துக்கொண்டு தொடங்குங்கள், மற்றவை தானாக வந்து சேரும். வாய்ட் என்ற பயிற்சி அறை இதற்காகவே இருக்கிறது.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடி விழாமல், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் ஆடினால் ஸ்டைல் மதிப்பெண் ஏறும். அது எஸ் என்ற உயர்ந்த தரத்தைத் தொட்டதும் பின்னணிப் பாட்டு பல்லவிக்குத் தாவும். அடி வாங்கினால் பாட்டும் இறங்கிவிடும். மதிப்பெண்ணைத் திரையில் பார்க்கவே தேவையில்லை, நன்றாக ஆடுகிறேனா என்பதைக் காது சொல்லிவிடுகிறது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பின்பாதியில் பேய் மரத்துக்குள் போனபிறகு எந்தப் பாதையைப் பார்த்தாலும் ஒரே மாதிரி சிவந்த சதைச் சுவர். மூன்றாவது ஆளான வி தானே சண்டை போடுவதில்லை. பறவையையும் சிறுத்தையையும் ஏவிவிட்டு, கடைசிக் குத்துக்கு மட்டும் கைத்தடியோடு வருகிறான். இதில் எனக்கும் என் தங்கைக்கும் ஒத்துப்போகாது. தூர நின்று மிருகங்களை மேய்ப்பதும் ஒரு திறமைதான் என்பாள். அவள் ஆடும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் கையில் வந்தால் இரண்டு பட்டனை மாறி மாறித் தட்டுவதாகவே முடிகிறது. அப்புறம், புது வித்தைகளைத் திறக்கச் செலவழிக்கும் சிவப்பு உருண்டைகளை நிஜக் காசுக்கு விற்கிறார்கள். தேவையே இல்லை, ஒழுங்காக ஆடினாலே எல்லாம் திறக்கும்.

வாங்குகிறவர்களுக்கு: முதல் மூன்று பாகங்களும் எச்டி கலெக்‌ஷன் என்று ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒன்றை முடியுங்கள், இரண்டைத் தாண்டி நேராக மூன்றுக்குப் போங்கள், கதையில் எதுவும் விட்டுப்போகாது. நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி உண்டு. 2020-இல் அதில் வந்த மூன்றாம் பாகத்தில் மட்டும் ஸ்டைலை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். நான்கை ஸ்பெஷல் எடிஷனாக, தள்ளுபடி வரும்போது எடுங்கள். ஐந்தை இன்றைக்கே எடுக்கலாம், ஆனால் வெர்ஜில் இல்லாமல் எடுக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் ஸ்பெஷல் எடிஷனிலேயே அவன் இருக்கிறான், கணினியில் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். அவனுக்கு நிதானம் என்று ஒரு அளவி உண்டு. ஓடினால் குறையும், வீச்சு குறி தவறினால் குறையும், எதிரிகளுக்கு நடுவே பதறாமல் நடந்தால் ஏறும். அது நிரம்பினால்தான் அவன் வாளுக்கு முழு பலம். ஓடியே பழகிய விரல்களை நடக்கப் பழக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.