பவர் பத்திரத்துக்கு மொபைல் நோட்டரியை வீட்டுக்கு அழைக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு நேர்ந்தது இது. தாம்பரம் அருகே இருவர் பெயரிலும் இருக்கும் ஃபிளாட்டை விற்க, ஊரிலுள்ள தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் தேடி, ‘கையெழுத்துக்கு 15 டாலர், வீட்டுக்கே வருவோம், அப்போஸ்டிலும் முடித்துத் தருவோம்’ என்று விளம்பரம் செய்திருந்த ஒரு மொபைல் நோட்டரியை அழைத்தார்கள். மாலையில் வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு 345 டாலருக்குப் பில் கொடுத்தார். அப்போஸ்டிலுக்கு, அதாவது பத்திரம் வெளிநாட்டிலும் செல்லும்படி மாநில அரசு இணைத்துத் தரும் சான்றுக்கு, தனியாக 295 டாலர். மொத்தம் 640 டாலர் போனது. கடைசியில் அந்தப் பத்திரத்தை வைத்து ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. அவர்கள் ஏமாந்த ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்களும் ஏமாற வாய்ப்பிருப்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் பில். 210 டாலர் ‘நோட்டரி கட்டணம்’, 75 டாலர் பயணம், 60 டாலர் ‘ஆவணப் பரிசீலனை’. அந்த 210 எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பத்திரம் 7 பக்கம், இரண்டு பேர், பக்கத்துக்கு 15 டாலர் என்றாராம். இது அப்பட்டமான மோசடி. கலிபோர்னியச் சட்டம் உச்சவரம்பு வைத்திருப்பது சான்றளிக்கும் கையெழுத்துக்கு, பக்கத்துக்கு அல்ல. கணவன் ஒன்று, மனைவி ஒன்று என இரண்டு கையெழுத்து, அதாவது 30 டாலர். பத்திரம் 7 பக்கமாக இருந்தாலும் 70 பக்கமாக இருந்தாலும் அதே 30தான். ‘ஆவணப் பரிசீலனை’ அதைவிட மோசம். வக்கீலாக இல்லாத நோட்டரி பத்திரத்தைப் படித்து ஆலோசனை சொல்லவும் கூடாது, வாசகம் எழுதித் தரவும் கூடாது. செய்யக் கூடாத வேலைக்குக் கூலி வாங்கியிருக்கிறார்.

பயணக் கட்டணம் மட்டும் வேறு விஷயம். கலிபோர்னியாவில் அதற்கு உச்சவரம்பு கிடையாது, பேசி முடிப்பதுதான். அதனாலேயே வருவதற்கு முன்பே சட்டப்படியான கட்டணம் எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு, பிரின்ட் எடுத்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறுஞ்செய்தியில் வாங்கிவிட வேண்டும். ‘மொத்தமா பார்த்துக்கலாம்’ என்கிற ஆளைக் கூப்பிடவே வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறும். நியூயார்க்கில் நேரில் செய்தால் 2 டாலர், ஃபுளோரிடாவில் 10 டாலர், டெக்சாஸில் முதல் கையெழுத்துக்கு 10 டாலரும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 1 டாலரும். உங்கள் மாநிலத்து வரம்பைத் தெரிந்துகொண்ட பிறகு போனை எடுங்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். பத்திரத்தைக் கெடுத்ததுதான் பெரிய அநியாயம். தாய்ப்பத்திரத்தில் கணவரின் பெயர் இனிஷியலோடு ‘எஸ். குமார்’ என்ற மாதிரி இருந்தது, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிவாகப் பின்னால் வந்தது. நம் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று நோட்டரி சொன்னது சரியே. அப்படியானால் அவர் சான்றளிக்க மறுத்திருக்க வேண்டும். அவரோ பேனாவை எடுத்து, பத்திரத்தின் முதல் பக்கத்தில் ‘எஸ். குமார்’ என்பதை அடித்துவிட்டு மேலே பாஸ்போர்ட் பெயரை எழுதினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம்கூட வாங்கவில்லை. பவர் கொடுப்பவர் பெயர் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப்போகாமல், அதுவும் அடித்தல் திருத்தலோடு வந்தால் எந்த சார்பதிவாளர் ஏற்பார்? இதைச் சரி செய்யும் இடம் பத்திரம் எழுதும் மேசை. ஊரில் வக்கீலோ பத்திர எழுத்தரோ டைப் செய்யும்போதே, பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரை எழுதி ‘என்கிற எஸ். குமார்’ என்று தாய்ப்பத்திரப் பெயரையும் சேர்த்துவிட வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்திலும் பாஸ்போர்ட் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். நோட்டரி வரும் முன் ஒரே ஒரு காலியிடம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. கதவு எண், சர்வே எண், யூடிஎஸ் (ஃபிளாட்டுக்குரிய பிரிபடாத மனைப் பங்கு) அளவு எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். முழுமையாகாத பத்திரத்துக்குச் சான்றளிக்கவே கலிபோர்னியச் சட்டம் தடை போடுகிறது.

அடுத்தது சீல். மை அதிகமாகி, கமிஷன் எண் (நோட்டரிக்கு மாநிலம் தந்த அனுமதியின் எண்) இருக்கும் வரி குழம்பிப் போயிருந்தது. அதோடு பாதி சீல் அச்செழுத்துகளின் மேலேயே விழுந்திருந்தது. வீட்டில் பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அப்போஸ்டில் கொடுக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் பார்ப்பதே அந்தச் சீலையும் கையெழுத்தையும்தான். நோட்டரியின் பெயர், கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), கமிஷன் எண், முடிவுத் தேதி எல்லாம் பளிச்சென்று, போட்டோ காப்பி எடுத்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்திரம் திரும்பி வரும். இவர்களுடையது திரும்பித்தான் வந்தது. நோட்டரி கிளம்பும் முன் உங்கள் போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் தெரியவில்லையா, அங்கேயே புதிதாக ஒரு சான்றுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

சான்றுப் பக்கத்திலும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மேலே கவுன்டி பெயர், கையெழுத்து நடந்த கவுன்டியாக இருக்க வேண்டும். தேதி அன்றைய தேதியாக இருக்க வேண்டும். பின் தேதி, முன் தேதி போட்டுத் தருகிறேன் என்பவர் குற்றம் செய்கிறார். 2015 ஜனவரி முதல், ‘நோட்டரி சரிபார்ப்பது கையெழுத்திட்டவரின் அடையாளத்தை மட்டுமே, ஆவணத்தின் உண்மையை அல்ல’ என்ற பொருள்படும் கட்டம் போட்ட அறிவிப்பு கலிபோர்னியச் சான்றின் தலைப்பில் இருந்தாக வேண்டும். சான்று தனித்தாளாக இருந்தால், அது எந்தப் பத்திரத்துக்கு, எத்தனை பக்கம் என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். வெறுமனே பின் குத்தி வைத்த தாளை யாரும் பிடுங்கி வேறு பத்திரத்தில் சேர்த்துவிடலாம்.

கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில், ஒரே நோட்டரி முன் ஆஜரானால் இருவர் பெயரையும் ஒரே சான்றில் எழுத முடியும். அப்போது அப்போஸ்டிலும் ஒன்று போதும். இங்கே வந்தவர் வேண்டுமென்றே இரண்டு சான்று எழுதி இரண்டு அப்போஸ்டிலுக்குக் கணக்குக் காட்டியிருந்தார்.

கையெழுத்தை நோட்டரி கண்முன்னேயே போடுங்கள். பவருக்குப் பயன்படும் ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ சான்றுக்கு, முன்பே போட்ட கையெழுத்தை நேரில் வந்து ஒப்புக்கொண்டாலும் கலிபோர்னியாவில் செல்லும். ஆனால் இந்தியாவின் சாட்சியச் சட்டம் (2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம்) பவர் பத்திரத்துக்குத் தரும் பாதுகாப்பு, நோட்டரி முன்னிலையில் எழுதிக்கொடுத்து அவர் சான்றளித்ததற்குத்தான். இரண்டு சாட்சிகளையும் அதே நேரத்தில் வரவழைத்துவிடுங்கள். நோட்டரியைச் சாட்சியாகப் போட வேண்டாம்.

பவர் பத்திரம் என்றால் நோட்டரியின் பதிவேட்டில் வலது கட்டைவிரல் ரேகை வாங்குவது கலிபோர்னியாவில் கட்டாயம். வாங்காமல் விட்டால் 2,500 டாலர் வரை அபராதம். இந்த ஆள் வாங்கவில்லை. பதிவேட்டையே கொண்டு வரவில்லை. அதற்குப் பதிலாக இருவரின் பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். பதிவேட்டில் எழுத வேண்டியது அடையாள அட்டையின் வகை, யார் கொடுத்தது, எண், தேதிகள், அவ்வளவுதான். படம் எடுக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை, விடாதீர்கள். பதிவேடும் மைப்பெட்டியும் இல்லாமல் வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ஊரிலிருந்து புரோக்கர், ‘சார், எல்லாப் பக்கத்துலயும் நோட்டரி சீல் வேணும்’ என்பார். கலிபோர்னிய நோட்டரி சான்று வாசகம் இல்லாத இடத்தில் சீல் குத்தக் கூடாது. குத்த மறுப்பவர் ஒழுங்கான நோட்டரி, அவரோடு சண்டை போடாதீர்கள். எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டியது உங்கள் கையெழுத்து.

இப்போது அந்த 295 டாலருக்கு வருவோம். கலிபோர்னியாவில் அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 20 டாலர். தபாலில் சாக்ரமென்டோவுக்கு அனுப்பினால் அதோடு சரி. சாக்ரமென்டோ அல்லது லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்துக்கு நேரில் போனால் நோட்டரி கையெழுத்து ஒன்றுக்கு 6 டாலர் கூடுதல். எந்த நாட்டுக்கு என்று எழுதிய ஒரு கடிதம், தபால்தலை ஒட்டிய திரும்பும் உறை, காசோலை, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒருவர் உங்களுக்காக வரிசையில் நின்றால் அவர் உழைப்புக்குப் பணம் கேட்பது நியாயம். ஆனால் ‘அப்போஸ்டிலுக்குப் பிறகு தூதரக முத்திரையும் கட்டாயம்’ என்று சொல்லி இன்னொரு தொகை கறப்பதை நம்பாதீர்கள். 2005லிருந்து இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அப்போஸ்டிலா, இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றா என்பதைச் சம்பந்தப்பட்ட சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு ஏதாவது ஒரு வழியில் போங்கள். நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு நடுவில் இன்னொரு படி உண்டு, முதலில் கவுன்டி கிளார்க் நோட்டரியின் கையெழுத்தைச் சான்றளிக்க வேண்டும், பிறகே மாநில அரசு 10 டாலருக்கு அப்போஸ்டில் தரும்.

வீடியோவில் முடிக்கலாம் என்பவர்களிடம் கவனம். அதில் நோட்டரி வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருப்பார், அப்போஸ்டிலும் அந்த மாநிலம்தான் தர வேண்டும். கையில் கிடைப்பது மின்னணுக் கோப்பு. சார்பதிவாளர் அலுவலகம் கேட்பதோ மையில் கையெழுத்திட்ட அசல்.

அம்மா அப்பாவிடம் பவர் வாங்க வீட்டுக்கு நோட்டரியை அழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துச் சான்றளிக்கக் கூடாது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், தமிழ் பேசும் நோட்டரியைத் தேடுங்கள் அல்லது துணைத் தூதரகத்துக்கே அழைத்துப் போங்கள். மகன் பக்கத்தில் நின்று ‘அம்மா சரிங்கறாங்க’ என்று சொல்லி முடித்த பவரை நாளைக்கு ஒரு பங்காளி கோர்ட்டில் எளிதாக உடைத்துவிடுவார்.

படுக்கையில் இருப்பவர், மருத்துவமனை, முதியோர் இல்லம் என்றால் மொபைல் நோட்டரி மிகப் பெரிய உதவி, பயணக் கட்டணம் கொடுப்பதில் தவறே இல்லை. நடமாட முடிந்தவர்கள் முதலில் தங்கள் வங்கிக் கிளையைக் கேளுங்கள். பல வங்கிகள் வாடிக்கையாளருக்கு இலவசமாகச் செய்கின்றன. யுபிஎஸ் கூரியர் கடைகள் பலவற்றிலும் நோட்டரி உண்டு.

அப்போஸ்டில் முடிந்த அசலை அனுப்பும் கூரியரின் உறையையும் டிராக்கிங் விவரத்தையும் தம்பியிடம் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கிடைத்த தேதிக்கு அந்த உறைதான் சாட்சி.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள், கெட்டுப்போன பத்திரத்தில் திருத்தம், ஒட்டுத்தாள் என்று முயலாமல் புதிதாக பிரின்ட் எடுத்து, வேறு நோட்டரி முன் கையெழுத்திட்டுவிடுங்கள். பழைய நோட்டரிக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பி, கையெழுத்திட்டவர்கள் பெயர், மாதம், வருடம், ஆவண வகை எல்லாவற்றையும் குறித்து, பதிவேட்டின் அந்த வரியின் நகலைக் கேளுங்கள். 15 வேலை நாளுக்குள் நகல் தர வேண்டும், அல்லது அப்படி ஒரு வரியே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் அதையும் பில்லையும் சேர்த்து மாநிலச் செயலர் அலுவலகத்தின் நோட்டரி பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். வரம்புக்கு மேல் கட்டணம் வாங்கினாலே கமிஷனை ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒவ்வொரு கலிபோர்னிய நோட்டரியும் 15,000 டாலருக்கு ஒரு பிணை பாண்டு வைத்திருக்கிறார். அது அவரைக் காப்பாற்ற அல்ல, அவரால் நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுக்க. கார்டில் பணம் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் அன்றே தகராறு பதிவு செய்துவிடுங்கள்.