அக்சஸ் திருத்த வருபவரிடம் மூல ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள்

கொழும்பு செட்டியார் தெருவில் ஓர் அடகுக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கவுண்டர் மென்பொருள் தரும் டெக்ஸ்ட் ஃபைலை மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் லிங்க் பண்ணித்தான் (ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்து இணைத்துத்தான்) எங்கள் வேலை. போன மாதம் புது ஃபைலை லிங்க் பண்ணினால், அடையாள அட்டை இலக்கம் இருக்கவேண்டிய பாதி இடங்களில் ‘#நம்!’ (#Num!) என்ற பிழைக்குறி நிற்கிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தம்பி வந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “டேட்டா கரப்ட் அண்ணை, வைரஸ் வேலை” என்றார். 18,000 ரூபா. பின்னேரம் திறந்தால் ஒரு ‘#நம்!’ கூட இல்லை. வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் நாள் ஓர் அம்மா சங்கிலி மீட்க வந்தார். ஓரம் உரிந்த பழைய அட்டை. 9 இலக்கமும் கடைசி ‘வி’யும் அடித்துத் தேடினால் ஆளே இல்லை. அடகுச் சீட்டு அவர் கையில், சங்கிலி எங்கள் பெட்டகத்தில். ஃபைலை நோட்பேடில் திறந்தேன். பழைய அட்டை இலக்கங்களின் கடைசியில் வரும் ‘வி’, ‘எக்ஸ்’ எழுத்துகள் அத்தனையையும் அந்தத் தம்பி ரீப்ளேஸ் போட்டு அழித்திருக்கிறார்! ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் விடவில்லை. விஜயா எல்லாம் ‘இஜயா’ ஆகிவிட்டார்கள்.

வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லிங்க் பண்ணும்போது அக்சஸ் மேலேயுள்ள சில வரிகளைப் பார்த்தே கொலம் எந்த வகை என்று ஊகிக்கிறது. எங்கள் ஃபைலில் மேலே இருந்தவை 2016க்குப் பின் வந்த, எழுத்து இல்லாத 12 இலக்க அட்டைகள். எண் என்று எடுத்துக்கொண்டது. கீழே ‘வி’யோடு வந்த பழைய அட்டைகள் எண்ணுக்குள் அடங்காமல் பிழையாகின. லிங்க் பண்ணாமல் இம்போர்ட் செய்திருந்தால் (அக்சஸுக்குள்ளேயே பிரதியெடுத்திருந்தால்) பிழைகளைத் தனி டேபிளில் எழுதியாவது காட்டும். லிங்க்கில் அதுவும் இல்லை.

லிங்க் பண்ணிய டேபிளில் வகையை மாற்ற முடியாது. லிங்க்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடும்போது ‘அட்வான்ஸ்ட்’ பட்டனை அமர்த்தி, அந்தக் கொலத்தை டெக்ஸ்ட் ஆக்கவேண்டும். தொலைபேசி இலக்கத்தையும் அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் 077இன் முன் பூச்சியம் பறந்துவிடும். திகதி வரிசையையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

மூல ஃபைல் மின்னஞ்சலில் கிடந்ததால் தப்பினோம். அந்த அம்மா அன்று ஒரு மணித்தியாலம் வாங்கில் இருந்துவிட்டுத்தான் சங்கிலியோடு போனார். 18,000க்குச் சிட்டை கேட்டேன். “நாளைக்குக் கொண்டுவாறன் அண்ணை” என்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.