கைப்பிடியில் கட்டுக்கம்பி சுற்றிய புல் வெட்டும் மிஷின்

பாளையங்கோட்டையில் 11 வருஷமாகத் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு கல்யாண மண்டபம், ரெண்டு பள்ளிக்கூடம், பெருமாள்புரத்தில் ஏழெட்டு வீடு. போன ஆவணியில் செகண்ட் ஹேண்டில் ஒரு புல் வெட்டும் மிஷின் வாங்கி ஏமாந்தேன். பணத்தோடு போயிருந்தால் வெளியில் சொல்லவே கூச்சப்பட்டிருப்பேன். என் மச்சினனின் கால்விரல் போக இருந்தது, அதனால் எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் கடை பேர் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்வதாக இல்லை. "திருநெல்வேலிக்காரனுக்கே அல்வாவா" என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லியாயிற்று, நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம்.

மிஷின் 21 இஞ்ச், பின்னால் நடந்துகொண்டே ஓட்டுவது, வீல் தானாக உருளும் ரகம். பிளேடை மூடியிருக்கிற டெக் இரும்பு, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். வீட்டுக்கு வாரம் ஒருதரம் ஓட்டுகிற சின்ன மிஷின் என் வேலைக்குத் தாங்காது. புதுசு வாங்க வசதி இல்லை. கடைக்காரர் 45,000 சொன்னார், 38,000-க்கு முடித்தோம். "எஞ்சின் ஃபுல்லா இறக்கி ரீகண்டிஷன் பண்ணுனது அண்ணாச்சி, அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றார். பச்சை பெயின்ட் பளபளத்தது. பில் கேட்டதற்கு, "பில்லுன்னா வரி சேந்துரும், ஒங்களுக்குத்தான நஷ்டம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஒன்று கண்ணில் பட்டது. இந்த மாதிரி மிஷினில் ஹேண்டிலை ஒட்டி இன்னொரு கம்பி லீவர் இருக்கும். அதை ஹேண்டிலோடு சேர்த்துப் பிடித்திருக்கும் வரைதான் எஞ்சின் ஓடும். கையை விட்டால் லீவர் விலகும், கேபிள் தளர்ந்து, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தில் பிரேக் கட்டை போய் அழுத்தும், பிளக்குக்குப் போகிற கரன்ட்டும் நின்றுவிடும். கையை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் வீட்டு உபயோக மிஷினுக்கு 1982-லிருந்தே சட்டம் இருக்கிறது. நான் வாங்கினதில் அந்த லீவரை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் நாலு சுற்று சுற்றி முறுக்கியிருந்தார்கள். கான்கிரீட் வேலைக்குக் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. எஞ்சினை நிறுத்துவதற்கு என்று பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச்.

"இது என்ன அண்ணாச்சி?"

"ஒங்க வசதிக்குத்தான். நாள் முழுக்க அதப் பிடிச்சிட்டு நின்னா கை கடுக்கும். எல்லாரும் கட்டித்தான் ஓட்டுதாவ."

நானும் சரி என்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் மூணு மாசம் அது சுகமாகத்தான் இருந்தது. எஞ்சினை நிறுத்தாமலேயே கையை விட்டுவிட்டு நடுவில் கிடக்கிற குச்சியைப் பொறுக்கலாம், போன் பேசலாம்.

புரட்டாசியில் ஹேண்டில் அதிர ஆரம்பித்தது. சாயங்காலம் டீ கிளாஸைப் பிடித்தால் விரல் மரத்துப்போயிருக்கும். அதே கடைக்குக் கொண்டுபோனேன். ரெண்டு நாள் வைத்துக்கொண்டு 4,200 ரூபாய் வாங்கினார். புது பிளேடு, ஏர் ஃபில்டர், ஆயில், பிளக் என்று வாயாலேயே கணக்குச் சொன்னார். அதிர்வு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. "இப்பம் வர்ற எத்தனால் பெட்ரோல்தான் அண்ணாச்சி எல்லாத்துக்கும் காரணம்" என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். அதில் பாதி நிஜம். இந்தச் சின்ன எஞ்சின்களின் புத்தகத்தில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் வரைதான் போடச் சொல்லியிருக்கும், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும், நாள்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். அதற்காகத்தான் நான் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துவேன். ஆனால் பெட்ரோலினால் ஹேண்டில் அதிராது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மண்டபம் கே.டி.சி. நகர் தாண்டி நாலுவழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. நாலு நாள் மழையில் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஈரப்புல்லில் மிஷின் ஓட்டக்கூடாது, தெரியும். மறுநாள் காலை 6 மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு என்றால் மண்டபத்துக்காரரிடம் போய் ஈரம் காயட்டும் என்று சொல்ல முடியுமா? மச்சினன் ஓட்டினான். புல்தரையின் ஓரம் வடிகாலை நோக்கி ஒரு ஆள் உயரத்துக்குச் சரிவு. பின்னால் நடந்து ஓட்டும் மிஷினைச் சரிவில் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக ஏற்றி இறக்கக் கூடாது. சறுக்கினால் ஒன்று ஆள் மிஷின் மேல் விழுவான், இல்லாவிட்டால் மிஷின் ஆள் மேல் வரும். அவனிடம் அதை நான் சொல்லவில்லை. அது என் தப்பு, கடைக்காரர் தலையில் கட்ட மாட்டேன்.

"அத்தான், வழுக்குது" என்று குரல் கேட்டுத் திரும்பினேன். அவன் குப்புற விழுந்துவிட்டான், ரெண்டு கையும் தரையில். மேலே ஏறிக்கொண்டிருந்த மிஷின் பின்பக்கமாக அவன் கால் மேல் இறங்குகிறது, எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டெக்குக்கு உள்ளே டக்டக்கென்று இரும்பில் இரும்பு பட்டது. ஓடிப்போய் ஹேண்டிலைத் தூக்கி இழுத்தேன். ஸ்விட்சைத் தட்டினால் நிற்கவில்லை, விழுந்த வேகத்தில் வயர் பிய்ந்துவிட்டது. கடைசியில் சோக்கை முழுசாக இழுத்து மூச்சுத் திணறடித்து நிறுத்தினேன்.

அந்த ஆடியில்தான் மச்சினனுக்கு இரும்பு மூக்கு வைத்த ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். அதுவரை ரப்பர் செருப்பில்தான் வேலை செய்தான். ஷூவின் தோல் கிழிந்து உள்ளே இருக்கிற இரும்பு மூடி தெரிந்தது, அதில் மூணு கீறல், கத்தியால் கோடு போட்ட மாதிரி பக்கத்தில் பக்கத்தில். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புக்கு ஒன்றும் இல்லை. பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய்க் கழற்றினோம். பிளக் கேப்பை முதலில் பிடுங்கி ஓரமாகத் தள்ளினார் மெக்கானிக் பாய். பிளேடைக் கையால் சுற்றினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம், அதனால் கேப்பைக் கழற்றாமல் அடியில் கை விடவே கூடாது என்றார். டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கும்படி மிஷினைச் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

அடியில் பார்த்ததும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பிளேடு போல்ட் தளர்கிறதா என்று பார்க்க, போல்ட் தலையிலிருந்து பிளேடு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைப்பது என் பழக்கம். வீட்டுக்காரியின் ரோஸ் கலர் நகப்பூச்சு. ஆவணியில் போட்ட கோடு உடையாமல் அப்படியே நேராக இருந்தது. புரட்டாசியில் காசு வாங்கிக்கொண்டு மாற்றின "புது பிளேடு" அதுதான். சர்வீஸிலிருந்து வந்த அன்றைக்கே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த பிளேடும் கம்பெனி பிளேடு இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, அடித்து, ஓட்டை போட்டது. அதைக் கழற்றிச் சாணை பிடிக்கச் சோம்பல்பட்டு, மாட்டின வாக்கிலேயே அரம் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல இரும்பு போல என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அரிவாளுக்கு லாரி பட்டையை மிஞ்சின இரும்பு கிடையாது, அதை நம்ம ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அரிவாள் கையில் இருக்கிறது. இது நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. 21 இஞ்ச் பிளேடின் நுனி அந்த வேகத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் போகும். ரொம்பக் கெட்டியான இரும்பு சரள் கல்லில் பட்டால் வளையாது, தெறிக்கும். கம்பெனிக்காரன் பிளேடை வளைந்துகொடுக்கிற மாதிரிச் செய்வது அதற்குத்தான். பாய் அந்த பிளேடின் நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டினார். ஒரு பக்கம் சடாரென்று கீழே போனது. ரெண்டு பக்கமும் சம எடையாக இருந்தால் படுக்கை வாட்டத்தில் அப்படியே நிற்க வேண்டும்.

அதிர்வுக்குப் பெரிய காரணம் வேறு. பிளேடையும் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை மெதுவாக இழுக்கச் சொன்னார். பிளேடு மாட்டுகிற கிராங்க் தண்டின் நுனி ஒரே இடத்தில் சுற்றாமல் வட்டம் போட்டது. கிராங்க் வளைந்திருக்கிறது, என்றைக்கோ கல்லிலோ குழாயிலோ முழு வேகத்தில் மோதின மிஷின். அப்படி மோதினால் ஃப்ளைவீலைக் கிராங்கோடு பொருத்துகிற சின்ன கீ, அதாவது ஆப்பு, நசுங்குவதற்கென்றே மெத்தென்ற உலோகத்தில் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு ஆணித்துண்டு இருந்தது. பிரேக் கட்டையைக் காணோம், வெறும் தகடுதான் இருந்தது. லீவரைக் கட்டினது என் கை வலிக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவிழ்த்துவிட்டால் பிரேக் இல்லாதது முதல் நாளே தெரிந்துவிடும். பின்பக்கம் கல் தெறிக்காமல் தடுக்கிற ரப்பர் தட்டி இருக்க வேண்டிய இடத்தில் டயர் ட்யூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே 10டபிள்யூ-30 ரக ஆயில் ஊற்ற வேண்டிய எஞ்சினில், சத்தமும் புகையும் தெரியக்கூடாது என்று கெட்டியான எதையோ ஊற்றியிருந்தார்கள்.

ஷூவையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மூணு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே மேஜையில் வைத்தேன்.

"ஓடுத வண்டியத்தான குடுத்தேன் அண்ணாச்சி. ஒங்க பையன் விழுந்ததுக்கு நான் என்ன செய்ய?"

"பிளேடு மாத்துனேன்னு காசு வாங்குனீங்களே?"

"பையன்வ மாத்துனேன்னு சொன்னான்வ." பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, சண்ட வேண்டாம். மிசின கொண்டுவந்து விட்ருங்க, 15,000 தாரேன்."

"கொண்டாந்து விட்டா என்ன செய்வீங்க? ஒடைப்பீங்களா?"

சிரித்தார். "ஒடைக்கதுக்கா 15,000 குடுக்கேன்? அது எங்க பொழப்பு அண்ணாச்சி."

நான் மிஷினைக் கொடுக்கவில்லை. இதை வீட்டில் சொன்னதற்கு, "கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு, வந்த காச வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்று ரெண்டு நாள் பேச்சில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதம் பள்ளிக்கூட வேலைக்கு மிஷினை நாள் வாடகைக்கு எடுத்தேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கைப்பிடியைப் பாருங்கள். லீவரில் கம்பி, கயிறு, டேப் எது சுற்றியிருந்தாலும் "அவுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கையை விட்டதும் நிற்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். நின்றால் பிளக் கேப்பைப் பிடுங்கிவிட்டு அடியைக் காட்டச் சொல்லுங்கள். பிளேடின் ஒரு நுனியை டெக் ஓரத்தில் ஏதாவது ஒரு புள்ளிக்கு நேரே நிறுத்தி இடைவெளியை அளந்துகொண்டு, குச்சியால் அரைச்சுற்று தள்ளி அடுத்த நுனியையும் அதே புள்ளியில் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடோ கிராங்கோ வளைந்திருக்கிறது. வளைந்து தூக்கின இறக்கைப் பக்கம் டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டி விற்றதையும் பார்த்திருக்கிறேன், அது புல்லை வெட்டாது, துவைக்கும். கடைக்காரர் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் உங்களுக்கும் வேண்டாம்.

பில்லுக்கு வருகிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தொழிலுக்கு வாங்கின பொருளுக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று கடைக்காரரே எனக்குச் சட்டம் சொல்லியிருந்தார். பொதுவாக அது சரிதான், ஆனால் 2019 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டும், 30,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பின பதிவும், மீதி 8,000-த்தைக் கையில் கொடுத்த முட்டாள்தனமும்தான். வக்கீல் ஜிபே பதிவே போதும், பார்ப்போம் என்கிறார்.

மிஷின் இப்போது மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பெட்ரோல் இல்லை, பிளக் இல்லை, பிளேடு தனியாக ஒரு சாக்கில். போன வாரம் மச்சினன் இடத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கட்டிங் பிளேயரோடு போனான். கம்பியை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன், ஆணையத்தில் அதை அப்படியே காட்ட வேண்டும்.