எச்சரிக்கை: இத்தாலியில் வாடகைக் கார் நிறுவனம் கார்டில் பிடிப்பது அபராதம் அல்ல

ஃப்ளோரன்ஸில் கார் எடுத்து ஒரே நாளில் சான் ஜிமிஞானோ என்கிற மதில் சூழ்ந்த மலையூருக்குப் போய்வருகிறவர்கள் கவனிக்க. ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து கிரெடிட் கார்டில் 40, 50 யூரோ போயிருக்கும். கார் போகக்கூடாத பகுதிக்குள் ஓட்டியதற்கான அபராதம் அதோடு தீர்ந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தீரவில்லை. உங்கள் பெயரையும் முகவரியையும் நகராட்சிப் போலீசுக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் வாங்கும் கூலி அது. அபராதக் கடிதம் பின்னால் தனியாக வரும். சாவி கொடுக்கும்போது இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

சிக்கவைப்பது இசட்.டி.எல். என்கிற வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி. மதிலுக்கு உட்பட்ட பழைய ஊர் அதில்தான் வருகிறது. குறுக்குக் கட்டையை எதிர்பார்க்காதீர்கள், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகையைப் பார்த்தாலே திரும்பிவிடுங்கள். மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் கேமரா ஓடுகிறது, நுழையக்கூடாது. ஊருக்குள் ஓட்டலில் தங்குபவர்களின் வண்டி எண்ணை ஓட்டல்காரர் பதிவு செய்துகொடுக்கலாம். பகலில் வந்துபோகிறவர்களுக்கு அந்த வழி இல்லை. உள்ளே சாப்பிட்ட பில்லைக் காட்டியும் பயனில்லை.

மேப்பில் ஊர்ப் பெயரையோ நடுச் சதுக்கத்தையோ போட்டால் அது நேராக மதில் வாசலுக்குள் இழுக்கப் பார்க்கும். ‘பி1 ஜியுபிலேயோ’ பார்க்கிங் என்று போடுங்கள். ஏற்றத்தில் நடக்கவேண்டும், ஆனால் மலிவு. போர்த்தா சான் ஜொவான்னி வாசலை ஒட்டிய பி2வில் விலை அதிகம், சீக்கிரம் நிரம்பியும்விடும். தெருவோரம் நிறுத்தினால் நீலக் கோட்டுக்குக் கட்டணம். மஞ்சள் கோடு உங்களுக்கானதல்ல. ஊரில் மிச்சமிருக்கும் 14 பழங்காலக் கோபுரங்களையும் நடந்தே பார்த்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர்.

கடிதம் வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். தொகை 80 யூரோவுக்கு மேல், அனுப்பும் செலவு தனி. கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்; 60 நாள் தாண்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு. வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப 360 நாள் அவகாசம் இருப்பதால் தாமதமாக வந்த கடிதம் போலி என்று கிழித்துப்போடவும் முடியாது.

காரே வேண்டாமென்றால் ஃப்ளோரன்ஸிலிருந்து பொஜ்ஜிபோன்சி வரை ரயில், அங்கிருந்து 130ஆம் எண் பஸ். காகித ரயில் டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பார மெஷினில் முத்திரை குத்துங்கள், குத்தாவிட்டால் அதற்கும் அபராதம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு; திரும்பும் கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.