அண்ணனின் முதுகுத்தண்டு ஆபரேஷன்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் சுடச்சுட வந்த தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கிளாஸை அண்ணன் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் வாங்கி வைக்கப் போனேன், கை சுட்டுவிட்டது. பார்த்தால் அவர் விரலில் கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை.

2011இல் தீவு விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிள் விபத்து. நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய், அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். பதினொரு வருஷம் கழித்துக் கையில் என்ன கோளாறு? முதலில் பார்த்த கிளினிக்கில், பெயர் வேண்டாம், மணிக்கட்டு நரம்புப் பிரச்சினை என்று ஐந்து மாதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். தும்மினாலே கழுத்து விண்விண்ணென்று வலிக்கிறது என்று அண்ணன் சொன்னதை எழுதிக்கூட வைக்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

அப்புறம் பலதுறை மருந்தகம் என்கிற அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். எம்ஆர்ஐ படத்தில் தண்டுவடத்துக்கு உள்ளேயே நீளமாக ஒரு நீர்க்குழி, கழுத்து வரை ஏறியிருந்தது. சிரிங்ஸ் என்கிறார்கள். பழைய காயத்தின் தழும்பால் தண்டுவடம் அதைச் சுற்றிய உறையோடு ஒட்டிக்கொள்ள, வழக்கமாக ஓட வேண்டிய நீர் தடைபட்டு உள்ளே தேங்குகிறதாம். விபத்து நடந்து சில மாதத்திலும் வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். எலும்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியாக ஒட்டுகளைப் பிரித்து, உறையில் ஒட்டுப்போட்டு அகலமாக்குவது. குழாய் வைத்து வடித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடி திறக்க வேண்டிவரும், அதனால் அதை அடுத்த கட்டமாக வைத்திருக்கிறோம் என்றார். இன்னொன்றும் மறைக்காமல் சொன்னார்: "இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன், போனது திரும்பினால் லாபம்."

ஆறு மணி நேரம் ஆனது. நீர் கசியாமல் இருக்க மூன்று நாள் தலை தூக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், அதிலும் புண் வராமல் இருக்கத் தாதிகள் நடுராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று பேராகச் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் புரட்டினார்கள். அதற்கே நாலு நட்சத்திரம். ஆனால் படுத்தே கிடப்பவருக்குத் தட்டில் ரசம் சாதம் அனுப்பிய புண்ணியவான் யாரோ!

அரசாங்க மானியம் உள்ள பி2 வார்டு; மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போக மீதியைத்தான் கையிலிருந்து கட்டினோம். குறைத்த ஒரு நட்சத்திரம், வீட்டுக்கு அனுப்பும்போது யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவே ஆளில்லாததற்கு.

கைப்பிடி இப்போது கொஞ்சம் பலமாகியிருக்கிறது, தும்மினால் வலியும் குறைவு. சூடு மட்டும் தெரியவில்லை. கிளாஸை முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார்.