தேதி மறக்கும் கேமராவோடு கோத்தகிரியில்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோவையில் லென்ஸைத் திறந்து பூஞ்சை துடைத்து வாங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். பந்தலூர்ப் பக்கம் இளைஞர் மன்றம் நடத்தும் தம்பி ஒருவர், "அண்ணா, உங்ககிட்ட இருக்கற அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல பதினஞ்சாயிரத்துக்கு வருது. எங்க பசங்களுக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 24 மெகாபிக்சல், கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ், ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) என்றால் விவரம் தெரிந்தவர்களுக்குப் போதும்.

எங்களுடையது கல்யாண ஆல்பமோ காட்டுமாடு படமோ எடுக்கும் கேமரா இல்லை. கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் வாழும் ஒரு லயன் குடியிருப்பில் மாலை வகுப்பு நடக்கிறது. பிளஸ் ஒன் முதல் காலேஜ் வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஊர்ப் பிரச்சினையை அவர்களே படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கிராம சபையிலும் அலுவலகங்களிலும் கொண்டுபோய் வைக்கிறார்கள். தண்ணீர் வராத குழாய், எரியாத தெருவிளக்கு, ஓடையில் கொட்டும் குப்பை என்று பல இருந்தாலும், எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது லயனுக்கு மேலே நிற்கும் தடுப்புச் சுவர்தான்.

அந்தச் சுவரில் விரிசல். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்துப்போனதைப் பார்த்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் பெரியவர்கள் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. வடியாத தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரை முன்னால் தள்ளும். இதை வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். ஆகவே பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். எதிரே இருந்த பாறையில் பெயின்டால் குறி போட்டு, எப்போதும் அதே இடத்தில் நின்று, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதே விரிசலை எடுத்தார்கள். விரிசலுக்குக் குறுக்கே ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்.

இங்கேதான் இந்தக் கேமராவைப் பாராட்ட வேண்டும். 12x18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை உட்கார்ந்து எண்ணலாம். ஸ்கேலின் ஓரத்தில் ஒரு பெண் காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்த இனிஷியல்கூடத் தெரிகிறது. அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தப் பிரிண்ட்களை வரிசையாகத் துணி கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டோம். கொழுந்து பறிக்கப் போகும்போது தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும் அக்காக்கள், "இது நம்ம சுவரா?" என்று கிட்டே போய் விரல் வைத்துப் பார்த்தார்கள். போனில் காட்டியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

இன்னொரு நல்லது, இதில் எடுத்த படம் அந்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் பறக்காது. கார்டைக் கழற்றி, லேப்டாப்பில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, எதை வெளியே காட்டலாம், யாரைக் கேட்டுவிட்டுக் காட்ட வேண்டும் என்று சண்டை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒழுகும் வீட்டுக்குள் படுத்திருந்த பாட்டியின் படம் அப்படித்தான் நின்றது. படம் அருமை, ஆனால் பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். போனாக இருந்திருந்தால் அது அதற்குள் நாலு குரூப்பில் போயிருக்கும்.

1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். போட்டோவாய்ஸ் என்று அதற்குப் பெயர். இன்று உலகம் முழுக்க இளைஞர் குழுக்கள் இதைக் கையாள்கின்றன. தன் வாழ்க்கையைத் தானே படமெடுப்பது, படத்தை வைத்துச் சேர்ந்து பேசுவது, முடிவெடுக்கிறவர் முன்னால் கொண்டுபோவது என்று மூன்று படிகள். முதல் இரண்டில் எங்கள் கேமராவுக்கு நூற்றுக்கு நூறு. மூன்றாவது படியில்தான் மானத்தை வாங்குகிறது.

அதற்குத் தேதி நிற்பதில்லை.

உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியிலிருந்துதான் அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரிய பேட்டரியை இரண்டு நாள் கழற்றாமல் வைத்தால் சரியாகும் என்று மேனுவல் சொல்கிறது. வைத்தாயிற்று. சரியாகவில்லை. சார்ஜ் போடப் பேட்டரியைக் கழற்றினால் போதும், ஜனவரி 1, 2016, நள்ளிரவு பன்னிரண்டு என்று புதுப் பிறவி எடுத்துவிடும். பட்டப்பகல் வெயிலில் எடுத்த சுவர், படத்தின் பைலில் நள்ளிரவு 12:04! வாங்கிக் கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்த வியாதி இது. சர்வீஸில் கேட்டால், அது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டோடு பற்றவைத்தது, மாற்றுகிற செலவுக்கு லென்ஸ் இல்லாத இன்னொரு கேமரா பாடியே வாங்கிவிடலாம் என்கிறார்கள். இருபது ரூபாய் கடிகாரத்தில் இருக்கிற மாதிரி மூடியைத் திறந்து மாற்றும் பேட்டரியை வைக்க இவர்களுக்கு என்ன கேடு?

போட்டோ ஷூட் நடத்துகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. எங்களுக்கு? மழைக்கு முன்னால் விரிசல் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று காட்டுவதுதான் மொத்த வழக்கும். ஒரு அலுவலகத்தில் பிரிண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய படம், இப்ப அப்படி இருக்காது" என்று முடித்துவிட்டார்கள். ஒரிஜினல் பைலைக் காட்டினால் 2016. பேச வாயில்லை. பைல் நம்பர் வரிசையாகத்தான் போகும், அதை வைத்து எது முன், எது பின் என்று சொல்லலாம் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். யார் கேட்பது?

அப்புறம் ஸ்கேலுக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரின் முதல் பக்கத்தைப் பிடித்து எடுத்தோம், ஆளைக் கடத்தியவன் போட்டோ அனுப்புகிற மாதிரி. பழைய படம் என்ற பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் எங்கள் ஊர் டீக்கடைக்குப் பேப்பர் வருவது பஸ் வந்த பிறகு. காலையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போதுதான் விரிசல் ஆழமாகத் தெரியும். பேப்பர் வரும்போது அது போயிருக்கும், பாதி நாள் பனிமூட்டமும் ஏறியிருக்கும்.

கடைசியில் பொறியாளர் ஒருவர் வந்து சுவரைப் பார்த்தார். வரவைத்தது எது தெரியுமா? ஒரு பையன் அவன் அம்மாவின் போனில், கை ஆடி எடுத்த மங்கலான படம். ஸ்கேல் கோடு ஒன்றும் தெரியாது. ஆனால் கீழே ஜிபிஎஸ் மேப் கேமரா ஆப் போட்ட கறுப்புப் பட்டையில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், குட்டி மேப் எல்லாம் இருந்தது. நூறு நாள் வேலைக்கே 2023 ஜனவரி முதல் ஆப்பில் போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று ஆக்கியிருந்தார்கள். அலுவலகத்தின் கண்ணுக்கு அந்தப் பட்டைதான் படம். லொகேஷனை ஏமாற்ற ஆயிரம் ஆப் இருக்கிறது என்பது வேறு கதை. நியாயமாகப் பார்த்தால், கேமராவில் தேதி நின்றிருந்தாலும் அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பழியை முழுக்க இதன் தலையில் கட்டக்கூடாது. ஆனாலும் கோபம் வருகிறது.

சாட்சிக்காக எடுக்கும் படத்துக்கு விவரம்தான் உயிர். அமெரிக்காவில் 1908 முதல் ஆலைகளில் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், பிள்ளைகளின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்து, வயதையும் வேலையையும் சட்டைப் பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வாராம். எங்கள் பிள்ளைகளும் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார்கள். பைல் நம்பர், தேதி, நேரம், மழை பெய்ததா, எடுத்தவர் யார் என்று எழுதி, கூட இருந்த பெரியவர் ஒருவரிடம் கையெழுத்தும் வாங்குகிறார்கள். கேமரா செய்ய வேண்டியதை நாற்பது பக்க நோட்டு செய்கிறது.

பூஞ்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் மலை ஈரத்துக்கு எந்த லென்ஸுக்கும் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் பூட்டி பீரோவில் வைக்காதீர்கள். குளிரில் எடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குள் கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும், அதையும் கவனியுங்கள். பேட்டரி தாராளமாக நிற்கிறது. விரல் விறைத்தாலும் பட்டன்கள் வேலை செய்கின்றன.

சுவர்? துளைகளைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதுச் சுவருக்கு எஸ்டிமேட் போட்டிருப்பதாகத் தகவல். கேமரா தன் வேலையைத் தொடர்கிறது.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 2. கிராம சபை முடிந்த அன்று கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். தம்பி, உன் பசங்களுக்கு இதை வாங்காதே. அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல கேமரா உள்ள பழைய போன் ஒன்று, மீதிக்குப் பிரிண்ட். இல்லை, பெரிய பிரிண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், விற்கிறவர் முன்னாலேயே தேதி, நேரம் சரியாக வைத்துவிட்டு பேட்டரியைக் கழற்று. ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் போடு. தேதி அப்படியே நின்றால் பதினைந்தில் இருந்து பேரம் பேசு. ஜனவரி 1 என்று வந்தால் எட்டாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் தராதே.